கீல் செய்த வேலை

…அப்படியென்றால் அது வெறும் கீல்தானா, இத்தனை நாளாகக் கதவை அவள்தான் திறந்து வைக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான், கை அதுபாட்டுக்கு மேல் கீலின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தது. மனைவி தலையணையோடு இந்தச் சின்ன அறைக்குக் குடிபெயர்ந்து ஒரு மாதம் ஆகிறது. காரணம் கேட்டால் யாரும் சிரிப்பார்கள், மைத்துனர் வந்திருந்தபோது அவரிடம், உங்க தங்கச்சி வண்டி எடுத்தா மரமெல்லாம் தானா ஒதுங்கிக்கும் என்றான், ஓட்டுநர் தேர்வில் அவள் மறுபடியும் கோட்டைவிட்டதையும் போட்டு உடைத்தான், அவளும் சிரித்தாள், சிரித்தாள்தானே… அப்புறம் தலையணை. ஆனால் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் இந்தக் கதவு ஒரு சாண் திறந்திருக்கும். கோபம் பாதி இறங்கிவிட்டது, மீதியும் இறங்கும், நாமாகப் போய் வழிவானேன் என்று ஆசாமி நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்வான். அந்த ஒரு சாணை நம்பியே மன்னிப்புக் கேட்காமல் ஒரு மாதத்தை ஓட்டிவிட்டான்.

இன்று காலை வந்து நிற்கிறாள். "என்னங்க, ரூம் கதவு சாத்திப் படுத்தாலும் தானா திறந்துக்குது. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்." குரலில் கோபம் இல்லை, வேலைக்கு வந்த தச்சரிடம் பேசுகிற மரியாதை. கீல் தளர்ந்து கதவு இறங்கிவிட்டதால் பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்திலுள்ள துளைக்கு நெல்லளவு கீழே இடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். திருகுத் துளையில் பசை தடவிய தீக்குச்சிகளைச் செருகி, ஒடித்து, திருகாணியை முறுக்கினான், மரம் கவ்விக்கொண்டது. குளியலறைக் குழாய் வருஷக்கணக்கில் ஒழுகுகிறது, இதற்கு மட்டும் கை ஏன் இப்படிப் பறக்கிறது, அவள் பார்த்து அசந்துபோகட்டும் என்றா… அசந்துபோய், உள்ளே சாத்திக்கொள்ளட்டும் என்றா?

"ஆச்சு, சாத்திப் பாரு." அவள் உள்ளே போய்ச் சாத்தினாள். டக்கென்று விழுந்தது. நல்லா விழுது, தேங்க்ஸ்ங்க என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். தேங்க்ஸ்… வீட்டுக்குள் எப்போது நுழைந்தது இந்த வார்த்தை? விரலால் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. இனிமேல் ஒரு சாண் திறந்திருந்தால் அது அவள் திறந்தது, திறக்காவிட்டால் கீலின்மேல் பழி போட முடியாது. பயமாகத்தான் இருந்தது. அன்னைக்கு நான் பேசினது தப்பு, இவ்வளவுதானே, சொல்லிவிட்டால் என்ன… தட்டக் கையைத் தூக்கியபோது கதவு திறந்தது. "இன்னும் இங்கயேவா நிக்கிறீங்க?" அவள் காத்திருந்த மாதிரி இருந்தது. "கீழ்க் கீலையும் ஒரு தடவ பாத்துடறேன்" என்று வந்தது வாயில். சரி என்று விலகிச் சமையலறைக்குப் போய்விட்டாள். அந்தக் கீலில் ஒரு கோளாறும் இல்லை. குனிந்து திருகாணியில் கருவியை வைத்தான், திருப்பினான், இன்னொரு சுற்றும் திருப்பினான், கை போய்க்கொண்டிருப்பது தளர்த்துகிற பக்கம் என்று சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.