மூச்சு விடாத கட்டடம்

புது அலுவலகத்துக்கு வந்து நாற்பத்தொன்றாம் நாள். மதியம் மூன்று மணிக்குக் கணக்குப் பிரிவே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் தலையை மேசைமேல் சாய்த்தே விட்டாள். மேலாளர் பார்த்துவிட்டார். 'தூங்குமூஞ்சி' என்று அவளுக்குப் பெயர் வைத்ததே அவர்தான்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்றே கட்டிய கட்டடம் அது. தடித்த சுவர்கள், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல்கள், காற்று புக ஓர் இடுக்கும் இல்லை. அறைகளுக்குத் தனி ஏசி; வெளிக்காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்ப மொட்டைமாடியில் ஓர் இயந்திரம் இருந்தது. பழைய கட்டடத்தின் மின்கட்டணத்தில் கால்பங்குகூட வரவில்லை என்று மேலாளர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். யாரும் திறந்துவிடக்கூடாதென்று ஜன்னல் கைப்பிடிகளைக்கூடக் கழற்றி வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு அறையிலும் இவ்வளவு வெளிக்காற்று வருகிறது என்று அளவு போட்டுச் சான்று கொடுத்த பொறியாளன் அவள் கணவன்தான். தலைவலி என்று அவள் வந்து படுத்தால், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வான். கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று. ஒரு குறையும் இல்லை. தன் உடம்புதான் சரியில்லை என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

இன்னொரு முறை தூங்கினால் வேலை போய்விடும் என்று அன்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் நாற்காலிமேல் ஏறி, வெளிக்காற்று வரும் துளைக்கு நேராக ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தாள். அது அசையவே இல்லை.

"இதுவும் தூங்குது சார்."

யாரோ சிரித்துவிட்டார்கள். கடுகடுத்த முகத்தோடு மேலாளர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போக, அவளும் பின்னாலேயே ஏறினாள். இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டுமானத் தூசி போகாமலிருக்க அதன் வாயில் சுற்றிய பிளாஸ்டிக் தாளை யாரும் பிரிக்கவில்லை. வெளிக்காற்றே வராதபோது அதைக் குளிர்விக்க மின்சாரம் எதற்கு? மிச்சம் வந்த வழியும், விட்ட மூச்சையே எல்லாரும் திரும்ப இழுத்ததால் வந்த தூக்கமும் அவளுக்குப் புரிந்தன.

உடம்பெல்லாம் எரிந்தது. கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். 'நீங்க' என்பது அன்று வாயில் வரவில்லை.

"மெஷின் வாய பிளாஸ்டிக் சுத்தி மூடியிருக்கு. மாடிக்கு வந்தவன் கண்ணுல இது படாம போகுமா?"

"படும்."

"தினம் தலையப் பிடிச்சிட்டு வந்து படுத்தேனே, உனக்கு ஒரு நாள்கூட உறுத்தலயா? உன் கையெழுத்த நம்பித்தான் இத்தனை பேர் ஜன்னல மூடிட்டு உட்கார்ந்திருக்கோம். பாக்காம போடற கையெழுத்து ஆளையே கொல்லும். சார் பக்கத்துலதான் நிக்கிறாரு. சொல்லு."

அவன் மேலாளரிடமே பேசினான்.

"சார், திறப்பு விழாவுக்கு நாள் இல்லன்னு நீங்க நெருக்கினீங்க. ஆபீஸ்ல உட்கார்ந்தே நம்பர எழுதிட்டேன். அந்த பில்டிங்குக்குள்ள நான் கால் வைக்கவே இல்ல."