இழுவை சொன்ன ஒரு வார்த்தை

விசாரணைக்காக அலுவலக வாசலில் காத்திருந்தவருக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரும்புக் குழாய்க் கிடங்கில் கிரேனுக்குக் கீழே நின்று, வாக்கி டாக்கியில் 'ஏற்று, இறக்கு, நிறுத்து' என்று சொல்வது அவர் வேலை. ஒன்பது வருடமாகிறது. வெளியூர்க்காரர், சொல்லின் கடைசியை இழுத்துப் பேசுவார். அதனால் கிடங்கில் அவர் பெயரே இழுவை.

முந்தாநாள் ஒரு குழாய்க்கட்டு நிற்காமல் இறங்கி லாரியின் முகப்பை நசுக்கிவிட்டது. டிரைவர் கீழே இறங்கியிருந்ததால் பிழைத்தார். இழுவையின் பேச்சு புரியாததே காரணம் என்று மேலாளர் அறிக்கை எழுதிவிட்டார்.

"அங்க போய் வாயைத் திறக்காதீங்க. தலையை மட்டும் ஆட்டுங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்னய்யா சொன்னே அன்னைக்கு?" என்றார் மேலாளர்.

"நிறுத்தூன்னு சொன்னேன் சார்."

மேலாளர் பக்கத்திலிருந்த பெரிய அதிகாரியிடம் சிரித்தார். "கேட்டீங்களா சார்? இது யாருக்குப் புரியும்?"

"எனக்குப் புரிஞ்சுது சார்." கதவருகே நின்ற கிரேன் ஓட்டும் பெண் முன்னால் வந்தாள். "அண்ணன் சொன்ன உடனே பிரேக்கைப் போட்டேன். பிடிக்கல. பிரேக் சரியில்லன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தாச்சு. எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்."

அவள் நீட்டிய கைபேசியைப் பெரிய அதிகாரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இன்னைக்கே பிரேக்கை மாத்துங்க. இவர் வேலையில இருக்கட்டும்" என்றார் பெரிய அதிகாரி.

வெளியே வந்ததும் இழுவை படியிலேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தார்.

"வேலை போகல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "வாயைத் திறந்தீங்களா?"

"ஒரே வார்த்தைதான். மிச்சத்தைக் கிரேன் ஓட்டுற தங்கச்சி பேசிடுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்தது.

அடுத்த வாரம் கிரேன் புதுப் பிரேக்கோடு ஓடியது. அறிக்கையை மட்டும் யாரும் திருத்தவில்லை. இழுவைக்குத் தினமும் சாப்பாட்டு வேளையில் மேலாளர் அறையில் அரை மணி உச்சரிப்புப் பயிற்சி என்று உத்தரவு வந்தது. அந்த நேரத்தில் வேறொருவர் கிரேனுக்குக் கீழே நின்றார்.

"இழுக்காம சொல்லு. நிறுத்து," என்றார் மேலாளர்.

"நிறுத்தூ."

"திரும்பச் சொல்லு."

"நிறுத்தூ."

இழுவையின் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியின் பொத்தான் நாற்காலிக் கையில் அழுந்திக் கிடந்ததை இருவரும் கவனிக்கவில்லை. மேலாளரின் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, ஏறிக்கொண்டிருந்த குழாய்க்கட்டு இழுவை சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்தரத்தில் அப்படியே நின்றது.