மெஷின் நிற்கும் வரை

ஹெல்மெட் கடைக்காரம்மா லிஃப்ட்காரரின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, பூசணிக்காய் பொறுக்குகிறவளைப் போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஓரடி பின்னால் போய் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உங்களுக்கு நீள மண்டை சார். உருண்டை மண்டைக்குச் செஞ்சத மாட்டினா நெத்தியிலதான் குத்தும். இத்தன நாளா யாரும் சொல்லலையா?" என்றாள். லிஃப்ட்காரருக்கு அந்தத் தீர்ப்பு பிடித்துப்போயிற்று. குறை தன்னிடம் இல்லை, மண்டையின் வாகில்தான் இருக்கிறது என்பதில் ஒரு நிம்மதி. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா" என்றார்.

மனைவி ஓரத்து ஸ்டூலில், மடியில் பையும் பையின் மேல் கையுமாக உட்கார்ந்திருந்தாள். "மூணு கடையா கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள்.

முதல் கடையில் காது அமுங்கியது. அடுத்த கடையில் மூக்குக்கண்ணாடியின் காம்பு உள்ளே நுழைய மாட்டேன் என்றது. மூன்றாவது கடையில் எல்லாம் சரியாக இருந்தும், உள்ளே பசை நாற்றம், தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, கடைக்காரன் வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்து வண்டியைக் கிளப்பினார். சட்டை வாங்கப் போனால் பிரித்துக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். செருப்பைப் போட்டு நடந்து பார்த்து வாங்குகிறவர்களைக் கேலி செய்கிறவர். அப்பேர்ப்பட்டவர் ஹெல்மெட்டில் மட்டும் பெண் பார்க்கப் போன மாமியாரைப் போல நொட்டை சொல்வதை மனைவி பார்த்துக்கொண்டே வந்தாள்.

தட்டிக் கழிக்கவும் வழியில்லை. லிஃப்ட் கம்பெனியில் உடன் வேலை பார்க்கும் ஒருவர், மண்டையை மட்டும் மூடுகிற ஹெல்மெட்டோடு மழையில் வழுக்கி விழுந்து, தாடை பெயர்ந்து, வாயைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடக்கிறார். அதிலிருந்து மேலாளர் ஒரே பிடிவாதம். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் இல்லாத மெக்கானிக் யாரும் மாதம் பிறந்தால் வெளி வேலைக்குப் போகக் கூடாது, அலுவலகத்தில் போன் மேஜையில் உட்கார வேண்டும். லிஃப்ட்காரருக்கு அந்த மேஜை ஆகவே ஆகாது. அங்கே போய் உட்கார்ந்த யாரும் திரும்ப ஸ்பானரைத் தொட்டதில்லை. உடம்பில் வேலை இருக்கும்போதே ஆளைச் சுவரோரம் சாய்த்து வைப்பதுதான் அது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். முன்பக்கத்தைத் தாடையோடு மேலே தூக்கிவிடுகிற ஹெல்மெட் ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் மனைவி. ஓட்டும்போது மூடிக்கொள்ளலாம், நின்றால் திறந்துகொள்ளலாம். அதற்குமேல் அவரால் வாதாட முடியவில்லை.

கடைக்காரம்மா ஒரு சாம்பல் நிற ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். அவள் முன்பு செருப்புக் கடையில் இருந்தவளாம். "காலாவது ரெண்டு இருக்கு சார். ஒண்ணு கடிச்சா இன்னொண்ணுல சாஞ்சு நின்னுக்கலாம். தலைக்கு அந்த வசதி இல்ல" என்று சொல்லிக்கொண்டே கன்னத்துப் பஞ்சைக் கழற்றி மாற்றினாள். இவர் காது என்றால் காதுப் பஞ்சு, நெற்றி என்றால் நெற்றிப் பஞ்சு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஹெல்மெட்டை மாட்டி, தாடையைத் தூக்கி வைத்து, காம்பை அதற்கென்று விட்டிருந்த பள்ளத்தில் செருகிக் காட்டினாள். கழுத்துப் பட்டையை இழுத்து, நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்த்தாள். தலையை ஆட்டச் சொன்னாள். அவர் ஆட்டினார். ஹெல்மெட்டும் தலையும் சேர்ந்தே ஆடின. குனிந்து, நிமிர்ந்து, தோளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னாள். எங்கேயும் இடிக்கவில்லை.

"இப்ப எங்கயாவது வலிக்குதா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். மனசாட்சியோடு தேடிப் பார்த்தார். காது, நெற்றி, பிடரி, கன்னம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விசாரித்தார். ஓர் இடமும் புகார் கொடுக்கவில்லை.

"கனமா இருக்கு" என்றார்.

"தூக்கற மாதிரி செஞ்சா கொஞ்சம் கனம் இருக்கத்தான் செய்யும். ரெண்டு நாள்ல கழுத்துக்குப் பழகிடும். வேற?"

வேறு ஒன்றும் இல்லை. அளவெடுத்துச் செய்ததைப் போல இருந்தது.

தாடைக்கடியில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் முன்பக்கம் டக்கென்று விட்டுக்கொண்டு மேலே போகும். இழுத்து மூடினால் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டும் சத்தம் கேட்கும். அவர் மூடினார். திறந்தார். மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. மறுபடி மூடினார், திறந்தார்.

"சார், வாங்கறதுக்கு முன்னாடியே கொக்கிய தேச்சிடாதீங்க" என்றாள் கடைக்காரம்மா. "நம்ம கடையில ஒரே ஒரு சட்டம். மூடி மாட்டிக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காரணும். கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தா எல்லாமே நல்லாதான் இருக்கும். வலிக்கிற இடம் மெதுவாத்தான் வாயத் திறக்கும்." பக்கத்துச் சலவைக் கடையின் பெரிய மெஷின் அந்தச் சுவருக்கு அப்பால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சுவரைத் தட்டிக் காட்டினாள். "இப்பதான் துணி போட்டிருக்காங்க. அது நிக்கிற வரைக்கும் கழட்டாம இருந்தீங்கன்னா இது உங்க ஹெல்மெட். இல்லைன்னா நான் விக்க மாட்டேன்." சொல்லிவிட்டு, அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் தானே இழுத்து மூடிவிட்டு, அட்டைப்பெட்டிகளை அடுக்க உள்ளே போனாள்.

வெளிச் சத்தம் எல்லாம் ஒரு படி கீழே இறங்கிற்று. மிச்சம் இருந்தது அவர் மூச்சு. அது போய் எதிரே இருந்த பிளாஸ்டிக்கில் முட்டி, சூடாக அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் மேஜையிலிருந்து அழைப்பு அவருக்கு வரும். கிளம்பும்போதே உள்ளே இருப்பவரோடு பேச்சைத் தொடங்கிவிடுவார். அவர் சட்டை மாட்டும்போது போனை அவர் காதோடு பிடித்துக்கொண்டு நிற்பது மனைவி. அந்தப் பேச்சு அவளுக்கு மனப்பாடம். எத்தனை பேர் இருக்கீங்க? கதவைத் தள்ளாதீங்க. கயிறு அறாது. காத்து வர இடம் இருக்கு, மூச்சு முட்டாது. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. கடைசியில், நான் பக்கத்துலதான் இருக்கேன், இதோ வந்துட்டேன் என்பார். இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு அவர் இதைச் சொல்வதைக் கேட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "என்னங்க இது, கூசாம பொய் சொல்றீங்க" என்பாள். பொய்யில்லை, கொஞ்சம் முன்கூட்டியே சொல்கிற உண்மை என்பார் அவர்.

போன மழைக்காலத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் பழுது பார்த்து முடித்துவிட்டு, ஓட்டிப் பார்க்கிறேன் என்று தனியாக லிஃப்டில் ஏறினார். பையையும் போனையும் கீழே தரையிலேயே வைத்துவிட்டார். கூட வந்தவன் சாப்பிடப் போயிருந்தான். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பெட்டி ஓர் அங்குலம்கூட இறங்காது என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை. காற்று எந்த இடுக்கு வழியாக வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். ஆனால் அன்றைக்கு அந்த இருட்டில் தெரிந்தது ஒன்றும் உதவிக்கு வரவில்லை. எதையெல்லாம் பண்ணாதீர்கள் என்று இத்தனை வருடம் சொன்னாரோ அதையெல்லாம் பண்ணினார். கதவைக் குத்தினார், பிராண்டினார், தொண்டை கிழியக் கத்தினார். சாப்பிடப் போனவன் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மூலையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வை என்றார். வீட்டில், கதவில் கை நசுங்கிவிட்டது என்றார். அதற்குப் பிறகும் அவர் நூறு தடவை லிஃப்டில் போய்விட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் தலையை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி அதோடு வண்டி ஓட்டு என்றால் எப்படி ஓட்டுவது? இதை யாரிடம் சொல்வது? லிஃப்ட்காரனுக்கு மூடினால் பயம் என்று சொன்னால் தெருவே சிரிக்கும்.

சுவருக்கு அப்பால் மெஷின் ஒரு பக்கம் சுற்றி, நின்று, மறுபக்கம் சுற்றியது. அது நிற்கும்போதெல்லாம் அவர் கை தாடைக்குப் போயிற்று. மறுபடி சுற்ற ஆரம்பித்ததும் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். முழங்கால் தன்பாட்டுக்கு ஆடியது. எதிர் அலமாரியில் வரிசையாக இருந்த ஹெல்மெட்டுகள் எல்லாம் தாடையை மூடிக்கொண்டு அவரையே பார்த்தன. மூச்சு ஹெல்மெட் கண்ணாடியில் படிந்து, மனைவி புகைக்குப் பின்னால் நிற்பவளைப் போல மங்கலானாள். அவ்வளவுதான். கை பறந்து போய்ப் பொத்தானை அமுக்கியது.

"சரியில்ல" என்றார். முகம் வேர்த்துக் கொட்டியது. "வேற கடை பாக்கலாம், எந்திரி."

"எது சரியில்ல?"

"சொல்றேன்ல. சரியில்ல."

"எங்க வலிக்குது, சொல்லுங்க. அக்காகிட்டச் சொல்லி மாத்தலாம்."

அவர் வாயைத் திறந்தார். காது என்று சொல்லலாம், ஆனால் காதுப் பஞ்சை மாற்றியாகிவிட்டது. எல்லாச் சாக்கையும் இந்தக் கடைக்காரம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் மேல் ஆத்திரமாக வந்தது.

"எங்கயும் வலிக்கல" என்றார் கடைசியில். "அதான்."

மனைவி பையைத் தரையில் இறக்கி வைத்தாள். ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து அவருக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகங்கள் வளர்ந்துவிட்டன, இரண்டு மட்டும் இன்னும் கோணலாகவே இருந்தன.

"கதவுல நசுங்கினா ஒரு கை நசுங்கும்" என்றாள். "உங்களுக்கு ரெண்டு கையிலயும் நகம் பேந்திருந்துது. நான்தானே மருந்து போட்டுக் கட்டினேன்."

அவர் தரையைப் பார்த்தார். "நான் உள்ள இருந்தேன்" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சா கேக்கறதுதானே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க கடை கடையா ஏறி இறங்கறீங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க முயலவில்லை. "தாடை பேந்து நீங்களும் வீட்ல படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எனக்கும் பயமாத்தான் இருக்கு."

லிஃப்ட்காரர் தனக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வெட்கம் வரவில்லை, அசதிதான் வந்தது. போன் மேஜையே பரவாயில்லை, நிழலில் உட்கார்ந்துகொண்டு, மின்விசிறிக்கடியில், ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னால் போதும். அவர் அதைச் சொல்ல வாயெடுத்தார்.

"மூடுங்க" என்றாள் அவள்.

"முடியலம்மா."

"மெஷின் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மூடுங்க."

அவர் தாடையை இழுத்தார். இரண்டு பக்கமும் கொக்கி மாட்டியது. சூடான மூச்சு திரும்பி முகத்தில் அடித்தது. கட்டைவிரல் உடனே போய்ப் பொத்தானின் மேல் உட்கார்ந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை. முன்னால் குனிந்து, ஹெல்மெட்டுக்குக் கேட்கிற மாதிரி, ஆனால் உள்ளே இருக்கிற கடைக்காரம்மாவுக்குக் கேட்காத மாதிரி, குரலைத் தாழ்த்தினாள்.

"வணக்கங்க. உள்ள எத்தன பேர் இருக்கீங்க?"

லிஃப்ட்காரர் பொத்தானைத் தடவினார்.

"சார், கேக்குதா? உள்ள எத்தன பேர்?"

"ஒருத்தர்" என்றார்.

"சரி. கதவத் தள்ளாதீங்க. கயிறு அறாது. காத்து வர இடம் இருக்கு, மூச்சு முட்டாது. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"நீதானே போட்டே."

"உள்ள இருக்கவங்க எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது. என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, தோள் குலுங்கியது. கண்ணாடியில் ஆவி படிந்து அவள் முகம் முழுசாக மறைந்துபோயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டார். உள்ளே கை விட்டுத் துடைக்க வழியில்லை.

"முட்டை" என்றார். "ரொட்டி. ஓரத்துல தீஞ்சுபோனது."

"தீஞ்சதா? அப்பறம்?"

"டீ. அதுல சர்க்கரை இல்ல. அத நான் சொல்லல, நீ திட்டுவேன்னு."

"சரி, பேசிக்கிட்டே இருங்க" என்றாள். அவள் முழங்கால் வந்து ஆடிக்கொண்டிருந்த அவர் முழங்காலில் முட்டி நின்றது. "நான் பக்கத்துலதான் இருக்கேன்."

சுவருக்கு அப்பால் மெஷின் துணி பிழிய ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமெடுத்து. தரை அதிர்ந்து நாற்காலிக் கால் வழியாக ஏறியது. அலமாரியிலிருந்த ஹெல்மெட்டுகள் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டு நடுங்கத் தொடங்கின. உள்ளேயிருந்து கடைக்காரம்மா, "எங்கயாவது வலிக்குதா சார்?" என்று கேட்டாள். லிஃப்ட்காரர் அந்தக் கேள்வியைக் கவனிக்கவில்லை. வெள்ளையாகிப்போன கண்ணாடிக்குப் பின்னால், பொத்தானில் வைத்த விரலை அமுக்காமல், நேற்று இரவு என்ன சாப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.