நமுத்துப்போன பட்டாசு

ஆறாவது தடையைத் தாண்டியதும் பட்டாசு நின்றுவிட்டது. விழவில்லை, மிரளவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. கனமான பையைத் தூக்கி வருகிற ஆள் மாடிப்படியின் நடுவில் மூச்சு வாங்க நிற்பாரே, அப்படி நின்றது. மேலே உட்கார்ந்திருந்த தம்பி குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான். குதிரை காதை மட்டும் ஆட்டியது. நடுவர் வெளியேற்ற மணியை அடித்துவிட்டார்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அவன் அக்கா கோச்சம்மாவுக்கு மானம் போனது.

அவளுக்கு அந்தப் பேர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். பதினெட்டு வருஷமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கிற கோச் என்பது ஒன்று. எதற்கெடுத்தாலும் கோச்சுக்கிற அம்மா என்பது இன்னொன்று. முதல் காரணத்தை மட்டும் அவள் எதிரில் சொல்வார்கள்.

லாயத்தில் எட்டுக் குதிரைகள். ஏழு, பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்கு. போட்டிக்கென்று இருப்பது பட்டாசு ஒன்றுதான். ஒன்பது வயது, செம்பழுப்பு நிறம், நெற்றியில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு பொட்டு. போன வருஷம் வரை கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே குதிக்கும். மழைக்காலத்தில் பத்து நாள் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்து எழுந்தது. அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து. தேர்வுப் போட்டிக்கு இன்னும் ஆறே வாரம்.

"நமுத்துப்போன பட்டாசுக்கா இது," என்றான் தம்பி, திரும்பி வரும்போது வண்டியில். "காய வெச்சாத்தான் வெடிக்கும்."

"நீ வாயக் காய வெச்சுக்கோ, போதும்," என்றாள் அவள்.

மறுநாளே குதிரை டாக்டர் வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. பல்லைப் பார்த்தார், தொண்டையைத் தடவினார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார், நாலு காலையும் மடக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்து முடிவுத் தாளோடு திரும்பினார்.

"ரத்தசோகை இல்ல. பூச்சி இல்ல. நுரையீரல் சுத்தமா இருக்கு. தசை தேயறதக் காட்டுற அளவு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு. சும்மா நிக்கும்போதே நெஞ்சு வேகமா அடிக்குது. என்ன வேலை வாங்குறீங்க?"

கோச்சம்மா பயிற்சி நோட்டை நீட்டினாள். அதைக் காட்டுவதில் அவளுக்குப் பெருமை உண்டு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு முக்கால் மணி நேரம். எந்த நாள் தடை, எந்த நாள் வெறும் நடை, எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எதிரில் 'ஓய்வு'.

டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார். "இதுல எழுதின வேலைதான் நடக்குதுன்னா இது இப்படி இருக்கக் கூடாது. இது சோம்பேறிக் குதிரை இல்லீங்க. களைச்ச குதிரை."

"முக்கால் மணி நேரத்துல களைச்சுப் போகுமா டாக்டர்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார்.

இதைக் கேட்க டாக்டர் எதற்கு என்று கோச்சம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாயத்துக்கு வந்துபோகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. புல்லில் தூசி என்றார் ஒருவர். புல்லை நனைத்துப் போட்டார்கள். சேணம் முதுகை அழுத்துகிறது என்றார் இன்னொருவர், சேணத்தை மாற்றினார்கள். உப்புக் குறைவு என்று உப்புக்கட்டி தொங்கவிட்டார்கள்; பட்டாசு அதை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு தகப்பனார், குதிரைக்கு மனசு சரியில்லை என்றார். அவரிடம் மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மகள் கெட்டிக்காரி.

சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வீட்டுக்காரர் பொறுப்பு. "ஓட்ஸக் கூட்டிட்டேன். இதுக்கு மேல கூட்டினா வெடிச்சிடும்," என்றார் அவர்.

"வெடிக்கட்டுமே. அதுக்குத்தானே அந்தப் பேரு வெச்சோம்."

தீனி கூடியது. குதிரை மெலிந்தது. விலா எலும்புகளை எண்ணலாம்போல இருந்தது. இங்கேதான் கோச்சம்மாவின் புத்தி தப்பான பக்கம் போனது. அளந்து வைக்கிற தீனி குதிரையின் வயிற்றுக்குப் போகவில்லை என்றால் எங்கே போகிறது? தீனி அறையின் சாவி மீசையிடம் இருந்தது.

மீசை அந்த லாயத்தில் பதினோரு வருஷமாகக் குதிரை பராமரிக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். மீசையை எடுத்து நாலு வருஷமாகியும் பேர் போகவில்லை. ஒரு மாதம் முன்னால் அவராகவே வந்து, "அம்மா, குதிர களைச்சுக் கெடக்கு, கொஞ்ச நாள் விட்டுப் புடிக்கலாம்," என்றார். அன்றைக்கு ஏதோ எரிச்சலில் இருந்த அவள், "நீங்க புல்லப் போடுங்க. பயிற்சிய நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் குதிரையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"மீசை, நேராவே கேக்குறேன். தீனி மூட்டை வெளிய போகுதா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர்போல இருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, தொட்டியின் விளிம்பில் சத்தம் வராமல் வைத்தார்.

"எண்ணிப் பாத்துக்கோங்கம்மா," என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே போய்விட்டார்.

மூட்டைகளை அவள் எண்ணினாள். ஒன்றும் குறையவில்லை. எண்ணி முடித்தபோது வந்த எரிச்சல் குதிரை மேலா, மீசை மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் லாடக்காரர் வந்தார். அது அவர் வழக்கமாக வருகிற நாள் அல்ல. பக்கத்தில் ஏதோ வேலையாக வந்தவர், கோச்சம்மா கூப்பிட்டதால் எட்டிப் பார்த்தார். மீசை இல்லாததால் தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டான். லாடக்காரர் பட்டாசின் முன்னங்காலைத் தூக்கித் தொடைமேல் வைத்தார்.

"இது நான் அடிச்ச லாடம்தானா?"

"வேற யாரு அடிப்பா? மூணு வாரம் முன்னாடி நீங்கதானே வந்தீங்க."

"மூணு வாரமா!" அவர் கட்டைவிரலால் லாடத்தின் முனையைத் தடவினார். "தகடாத் தேஞ்சு கெடக்கு பாருங்க. இது ரெண்டு மாசம் ஓடின லாடம். அதுவும் மண்ணுல இல்ல, கல்லுல. மேட்டுல ஏத்தி எறக்கினா இப்படித்தான் முனை போகும். யாரு மலைப் பாதைல ஓட்டுறது?"

"யாரும் ஓட்டலையே," என்றாள் கோச்சம்மா. சொல்லிக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். அவன் கயிற்றின் முடிச்சை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தான். சின்ன வயதில் பால் சட்டியை உடைத்த அன்றும் அவன் முகம் இப்படித்தான் இருந்தது.

"டேய்."

"அக்கா, அதுக்கு தம்மே பத்தலக்கா," என்று அவன் ஆரம்பித்தான். லாயத்தை ஒட்டிய அறையில்தான் அவன் குடியிருந்தான். தினமும் காலையில் அவள் வருவதற்கு முன் நாற்பது நிமிஷம் குன்றுப் பாதையில் ஏற்றி இறக்குகிறானாம். காய்ச்சலுக்குப் பிறகு தம் குறைந்துவிட்டதே என்று இரண்டு மாதமாக இந்தத் திருப்பணி. "நீ முக்கால் மணிதான்னு சட்டம் பேசுவ. சொன்னா விடமாட்ட."

"ரெண்டு மாசமாவா!"

"ஞாயித்துக்கிழம இல்ல," என்றான் அவன், அது ஒரு புண்ணியம்போல.

அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் கொட்டடிக் குதிரை தண்ணீர்த் தொட்டியை உதைத்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்று மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"மீசை சொல்லிட்டாரா?" என்றார் அவர்.

"என்னத்தங்க சொல்லணும்?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வாய் முந்திவிட்டது. மத்தியானம் அவள் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப் பின்னால் உள்ள மைதானத்துக்குப் போகிற நேரத்தில், பட்டாசை நீளக் கயிற்றில் கட்டி அரை மணி நேரம் வட்டமாக ஓடவிடுகிறாராம். ஓட்ஸைக் கூட்டியிருக்கிறோமே, அது செரிக்க வேண்டாமா என்ற யோசனை. குதிரை ஏற அவருக்குப் பயம்; அதனால் கயிறு.

லாடக்காரர் காலைக் கீழே விட்டுவிட்டு, வேடிக்கை பார்ப்பதற்கு வசதியாகத் தன் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"காலைல ஒருத்தன், மத்தியானம் ஒருத்தர்!" கோச்சம்மாவின் குரல் உச்சிக்குப் போனது. "நான் நோட்டுப் போட்டு, நிமிஷம் பாத்து, உயிர விட்டுக்கிட்டு இருக்கேன். ரத்தம் எடுத்தாச்சு, சேணம் மாத்தியாச்சு. ஒரு வார்த்த சொல்லணும்னு ரெண்டு பேருக்கும் தோணலையா? ஊருக்கே லீவு விடுற ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் அந்த ஜீவனுக்கு—"

அங்கே நிறுத்திக்கொண்டாள்.

தம்பி மெல்லச் சொன்னான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சேணத் துணி ஈரமா இருக்கேக்கா. நான் மீசைதான் ஏறுறாருன்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாயத்தில் மீசையைத் தவிர ஆள் இருக்காது. தம்பி வெளியே போயிருப்பான், வீட்டுக்காரர் தூங்குவார். போட்டிக்கு நாள் நெருங்க நெருங்கக் கோச்சம்மாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எப்படி இருக்கிறது என்று சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று போவாள். பார்க்கப் போகிறவள் ஏறி உட்காருவாள். ஏறி உட்காருகிறவள் ஆற்றங்கரை வரை போய்விட்டு வருவாள். ஒன்றேகால் மணி நேரம். அது பயிற்சி இல்லை, பார்ப்பது. அதனால் நோட்டில் எழுதியதில்லை. சேணத்தைக் கழற்றி வாங்கி மாட்டிய மீசையிடம், "தம்பிகிட்ட சொல்லிக்காதீங்க, அவன் கேலி பண்ணுவான்," என்று சொன்னதும் அவள்தான்.

லாடக்காரரின் பெட்டியோரம் கிடந்த கரித்துண்டை எடுத்துக் கதவில் கூட்டிப் பார்த்தாள். வாரத்துக்குப் பன்னிரண்டே முக்கால் மணி. ஒரு நாள்கூட ஓய்வில்லை. அது நின்றதும் தம் இல்லை என்று ஓட்டினார்கள். ஓட்டியதால் தம் போனது. தம் போனதால் இன்னும் ஓட்டினார்கள். மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.

"குதிரைக்கு வாய் இருந்தா உங்க குடும்பத்தையே திட்டியிருக்கும்," என்றார் லாடக்காரர்.

"வாய் இருந்த ஆளு ஒருத்தர் சொன்னாரே," என்றாள் அவள். "கேட்டேனா?"

அன்றைக்கே மீசை வீட்டுக்குப் போனாள். நாலு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே ஒரு வீடு. அவர் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோச்சம்மாவை உள்ளே கூப்பிடவில்லை. ஒரு நாற்காலியை மட்டும் கொண்டுவந்து கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டுப் போனாள்.

"மூணு பேரும் உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னோமா?"

"ஆமாம்மா."

"நான் அப்படிக் கேட்டப்ப, பட்டுனு போட்டு உடைச்சிருக்கலாமே. உங்க பேராவது தப்பிச்சிருக்கும்."

மீசை பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சங்கிலி இன்னும் கரகரத்தது. "ஒருத்தர் பேரச் சொன்னா மூணு பேரையும் சொல்லணும். உங்களையும் சேத்து. அதையும் உங்ககிட்டயே சொல்லணும். எனக்கு அது வரலம்மா. ஆனா திருடன்னு கேட்டீங்க பாருங்க, அது வலிச்சுது."

"தப்புதாங்க," என்றாள் கோச்சம்மா. அவளுக்குத் தெரிந்து அந்த வார்த்தையை அவள் யாரிடமும் இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை. "என்மேல தப்பு. அவங்க ரெண்டு பேர் முன்னாடியும் சொல்றேன். வாங்க."

அவர் உடனே வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். வந்து, எல்லார் முன்னாலும் அவள் சொன்னதைத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: டாக்டர் சொல்கிற வரைக்கும் பட்டாசின் கதவை அவர் மட்டும்தான் திறப்பார்.

டாக்டர் ஒன்றரை மாதம் சேணமே வேண்டாம் என்றார். தேர்வுப் போட்டி கைவிட்டுப் போயிற்று. தம்பி அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சொல்ல வேண்டியதை மாமாவிடம் சொல்லி அனுப்பினான். மாமா பாதியை மறந்துவிட்டு மீதியைச் சொன்னார். பட்டாசு வெயிலில் படுத்துப் புரண்டது. முதல் பத்து நாள் நின்ற இடத்திலேயே தூங்கியது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கோச்சம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை வேலிவரை போய்விட்டு, மீசை நிற்பதைப் பார்த்துத் திரும்பி வருவாள். மூன்றாம் வாரம் விலா மூடியது. பிறகு கையில் பிடித்து நடை, பிறகு மெதுவான ஓட்டம். ஒரு நாள் காலையில் தம்பியை அது சேற்றுக்குட்டையில் தள்ளிவிட்டது. அவன் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா! தள்ளிடுச்சுக்கா!" என்று கொண்டாட்டமாகக் கத்தினான். அதோடு பேச்சுவார்த்தை தொடங்கியது.

நாலு மாதம் கழித்து, பக்கத்தில் நடந்த ஒரு சின்னப் போட்டிக்குப் போனார்கள். பத்துத் தடை. பட்டாசு ஒரு கட்டையையும் தட்டாமல் பத்தையும் தாண்டியது. முடிவுக் கோட்டைக் கடந்ததும் தம்பி கடிவாளத்தை இழுத்தான். குதிரை கேட்கவில்லை. இன்னொரு சுற்றுப் போய், யாரும் கேட்காத பதினோராவது தாவலாக முதல் தடையை மறுபடி தாண்டிவிட்டு வந்தது. முடித்த பிறகு தாண்டினால் சட்டப்படி வெளியேற்றம். நடுவர் மணியை அடித்தார்.

கோச்சம்மா உள்ளே ஓடிக் கடிவாளத்தைப் பிடித்தாள். தம்பி நடுவரை நோக்கிக் கைகூப்பிக்கொண்டிருந்தான். அவள் குதிரையின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துடிப்பை எண்ணினாள். மூச்சு அதற்குள் சமனாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார். "அப்ப தோத்துட்டோமா?"

"வெளியேத்திட்டாங்க."

"பின்ன ஏன் சிரிக்கிற?"

"யாரு சிரிச்சா? போய் வண்டிக் கதவத் தெறங்க," என்றாள் கோச்சம்மா.