பத்து நிமிடம் அசையாமல்

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த என்னை அப்பா என்று ஒத்துக்கொள்ள என் மகள் ஜெஸ்லின் தயாராக இல்லை. இரண்டு வயதுக்காரிக்கு அப்பா என்றால் போன். அவள் பார்த்த அப்பா அதற்குள்தான் இருந்தான். நான் பக்கத்தில் போனால் ஓடிப்போய் போனுக்கு முத்தம் கொடுப்பாள். சாக்லேட், பொம்மை எல்லாம் கொடுத்து, ஆனை வேஷமும் போட்டுப் பார்த்தாயிற்று. நாளை மறுநாள் எனக்கு விமானம்.

என் மனைவி ஜெமிக்கு வேறு கவலை. அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். கண்காட்சிக்காக ஒரு பால்பொடி டப்பாவில் ஊசித்துளை போட்டு, உள்ளே போட்டோ காகிதம் ஒட்டி, கேமரா என்றாள். லென்ஸ் கிடையாது. பத்து நிமிடம் வெளிச்சம் உள்ளே போக வேண்டுமாம். போனில் சொடக்குப் போடும் நேரத்தில் எடுக்கலாமே, உனக்கென்ன கிறுக்கா என்று கேட்டேன்.

அவள் விடவில்லை. ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன்னால் நியெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ஜன்னலில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு பகல் முழுக்கவோ அதற்கும் மேலோ காத்திருந்தாராம். கிடைத்தது மங்கலாக நாலு கூரை. அவருக்குப் பிறகு டாகெர் எடுத்த பாரிஸ் தெருவில், ஓடிக்கொண்டிருந்த வண்டியும் ஆளும் எதுவுமே பதியவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். கேட்கக் கேட்க எனக்கு மலைப்பாக இருந்தது. நாலு கூரைக்கு அத்தனை பொறுமை எனக்கு வராது. ஆனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அவள் பின்னால் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் போய், கரையேற்றிய வள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அனங்காம இரிங்க, என்ன?” என்று அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு ஜெமி டப்பாவின் துளையில் ஒட்டியிருந்த டேப்பை எடுத்தாள்.

முதுகு வலித்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. நான் சிரிக்கவில்லை, கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. லீவில் வந்ததிலிருந்து பிள்ளையை நான் துரத்தாமல் இருந்தது அப்போதுதான். ஜெமியின் காலுக்குப் பின்னால் நின்ற ஜெஸ்லின் மெல்ல வந்தாள். என்னைச் சுற்றிப் பார்த்தாள். மீசையை இழுத்தாள். போனில் கிடைக்காத சங்கதி அது. திரும்பத் திரும்பத் தொட்டாள். பிறகு மடியில் ஏறி, என் மார்பில் தலையைச் சாய்த்தாள். சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்துக்கு இறங்கிவிடுவாளோ என்று பயந்தேன்.

ஜெமி டேப்பை ஒட்டினாள். நடுவில் ஏறியதால் பிள்ளை புகை மாதிரிதான் தெரிவாள் என்றாள்.

“மூடியாச்சு. இனி எழும்பலாம்.”

“நீ போ ஏட்டி. நான் இன்னும் கொஞ்சம் இரிக்கேன்,” என்றேன், உதடு அசையாமல்.