நான் காட்டிய இரண்டாவது மழை

மாரீஸ்வரியக்காவிடம் நான் பொய் சொல்லவில்லை, காட்டியதில்தான் கோளாறு. ஒரு மாதமாக இப்படி எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். எடுபடவில்லை.

செம்பூரில் மலையை ஒட்டிய சந்து எங்களுடையது. கடைசி வீட்டில் அக்கா இருந்தாள், தனிக்கட்டை. அந்த வீட்டின் முதுகில்தான் மலைமண் சரியாமல் இருக்க யாரோ எப்போதோ கட்டிய செங்கல் சுவர். நாலு வீடு தள்ளி நாங்கள். கணவர் கிறிஸ்டோ மஸ்கட்டில். நான் திலக் நகரில் ஒரு கோச்சிங் கிளாஸில் புவியியல் டீச்சர். மதியம் ஒன்றிலிருந்து ஏழு மணி வரை என் மூன்று வயது ஸ்வீட்டி அக்காவிடம்தான். சோறூட்டுவது, தூங்கவைப்பது, அடம்பிடித்தால் முதுகில் ஒன்று வைப்பது, எல்லாம் அவள்தான்.

பாடம் நடத்த என் லேப்டாப்பில் ஒரு மணல் கேம் வைத்திருக்கிறேன். மணல், களிமண், பாறை, தண்ணீர், எரிமலைக் குழம்பு என்று வேண்டியதை எடுத்துத் திரையில் தூவலாம். ஒவ்வொரு புள்ளியும் தன் எடைக்கேற்ப விழும், குவியும், சரியும். ஆறு வண்டலைக் கொண்டுவந்து டெல்டா கட்டுவதைப் பத்தே நிமிடத்தில் காட்டிவிடலாம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு டெல்டா எல்லாம் வேண்டாம். "டீச்சர், லாவா டாலோ னா!" என்று, எரிமலைக் குழம்பை ஊற்றச் சொல்லி இந்தியில் கத்துவார்கள்.

மே மாதக் கடைசியில் முனிசிபாலிட்டிக்காரர்கள் வழக்கம்போல அபாய நோட்டீஸ் ஒட்டினார்கள். நாங்களும் வழக்கம்போல அதன்மேல் துணி காயப்போட்டோம். இந்த வருடம் அக்காவுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது.

"எங்க அண்ணன் உல்லாஸ்நகருக்கு வந்துருங்கான். ஜீன்ஸ் தைக்கிற கார்கானாவுக்கு மேல ரூமு சும்மாத்தான் கெடக்காம். ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டா? நீ படிச்சவ, ஒன் கேம்ல இந்த மலையப் போட்டுப் பாத்துச் சொல்லேன்" என்றாள்.

எனக்கும் பயம் வந்தது. மலையை நினைத்து அல்ல. இரண்டு மாதம் ஸ்வீட்டியை யாரிடம் விடுவது? ஜூனில்தான் புது பேட்ச் ஆரம்பம். லீவு என்று வாயைத் திறந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து வரைந்தேன். மேலே களிமண், அடியில் பாறை, முன்னால் செங்கல். நிஜச் சுவரில் தண்ணீர் வடிவதற்காக ஐந்தடிக்கு ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். மழையில் அது வழியாகச் செம்மண் தண்ணீர் அக்கா பாத்திரம் கழுவும் மூலையான மோரிக்கே வந்துவிடும். கூடவே பெருச்சாளியும் வரும். போன வருடம் நாங்கள் இரண்டு பேரும்தான் கந்தல் திணித்து, சிமெண்டு பூசி, அத்தனை ஓட்டையையும் அடைத்தோம். சிமெண்டு குழைத்துக் கொடுத்தவள் இந்தப் புவியியல் டீச்சர். அதனால் கேமிலும் ஓட்டை வைக்கவில்லை.

மழையைத் திறந்துவிட்டேன். தண்ணீர் களிமண்ணுக்குள் இறங்கி, போக வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டே வந்தது. செங்கல் விண்டது. அக்காவின் வீடு என்று நான் வைத்திருந்த மஞ்சள் கட்டம் மண்ணுக்குள் போயிற்று.

இது விளையாட்டுச் சாமான், நிஜ மலையைப் பற்றி இதற்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். செங்கல்லை அழித்துவிட்டு 'சுவர்' என்ற பட்டனை அழுத்தினேன். அந்த கேமில் சுவர் என்பது ஒரு பொருளே இல்லை, வெறும் எல்லைக்கோடு. மலையே வந்து விழுந்தாலும் உடையாது. போதாததற்கு ஓட்டைகளையும் திறந்துவைத்தேன். மறுபடி மழை கொட்டியது, தண்ணீர் சமர்த்தாக வடிந்தது. அக்காவைக் கூப்பிட்டு இதைத்தான் காட்டினேன்.

"சுவரு நிக்குதுல்லா!" என்று கைதட்டிச் சிரித்தாள். "பெறவென்ன, நான் எங்கயும் போவல. அண்ணங்கிட்ட சொல்லிருதேன்."

ஸ்வீட்டியை அதன்பிறகும் அந்தச் சுவரடியில்தான் விட்டுப்போனேன். காட்டிய படத்தை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஜூலையில் மூன்று நாள் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை நானும் ஸ்வீட்டியும் கோயிலில் பூசை முடிந்து திரும்பியபோது சந்து முனையில் கூட்டம். சுவர் விழுந்திருந்தது. இரண்டு மணி நேரம் தோண்டி அக்காவை உயிரோடு எடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

தினமும் கஞ்சி கொண்டுபோனேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா, "டீச்சர் பாத்துத்தான் சொன்னா. கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் நின்னுச்சு. எந் தலையெழுத்து" என்பாள். அவள் அண்ணன் கணேசபாண்டியன் என்னை முறைத்தால் எனக்காக அவரிடம் சண்டை பிடிப்பாள். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று டிஸ்சார்ஜ். அண்ணன் பில் கட்டப் போயிருந்தார். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"சுஜா, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சாக்கடை நாலா ஓடுது. தண்ணி உள்ள வருமான்னு ஒன் கேம்ல போட்டுப் பாத்துச் சொல்லுதியா? நீ சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, மொதல்ல போட்டப்ப சுவர் விழுந்துட்டு. ஒங்ககிட்ட காட்டல. ஒடையாத மாதிரி மாத்திப் போட்டுத்தான் காட்டுனேன். நீங்க போயிட்டா ஸ்வீட்டிய யாரு பாப்பான்னு..." அழுகையில் மீதி வரவில்லை.

அக்கா திட்டவில்லை. கையை மட்டும் மெல்ல விட்டாள். அப்புறம் கேட்டாள்.

"இதுக்கா? உள்ளத நீ சொல்லியிருந்தியன்னா புள்ளையையும் தூக்கிட்டுப் போயிருப்பேனே. அந்த ரூமு எங்க ரெண்டு பேருக்குத் தாராளம்லா. ஞாயித்துக்கெழம நீ ட்ரெயின் ஏறி வந்து பாத்துட்டுப் போயிருக்கலாம்."

கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

கணேசபாண்டியன் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்காவைத் தூக்க அவர் தோள்பக்கம் குனிந்தார், நான் கால்பக்கம் போனேன்.

"நீ விடு" என்றாள் அக்கா.