டப்பாவுக்குப் பொறுப்பு, கைக்கு யார்?

காலை ஐந்து மணிக்குக் குப்பை பிரிக்கும் பெல்ட் நகரத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் மறுசுழற்சிக்காக வாசலில் வைத்த நீலப்பெட்டிகளின் குப்பை மேலிருந்து சரிந்து வந்தது. மழையில் ஊறிய செய்தித்தாள், புளித்த பால் டப்பா, பீட்சா அட்டை, நடுநடுவே குழந்தையின் மலத்துணி. கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுக் குளிர் தகரக் கொட்டகைக்குள் புகுந்து விரல்களை விறைக்கவைக்கும். இரட்டைக் கையுறைக்குள் அந்த விரல்களால் தாளைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பொறுக்கிக் குழிகளில் எறிவோம். முன்பு ஒரு பெல்ட்டுக்குப் பதினான்கு பெண்கள். இப்போது ஒன்பது. பெல்ட்டின் வேகம் மட்டும் கூடியிருந்தது.

இந்த நிலைமையை நாங்களேதான் கேட்டு வாங்கினோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன், பொட்டலம் செய்து விற்கிற கம்பெனிகளே அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று சட்டம் கேட்டுக் கையெழுத்து இயக்கம் நடந்தது. எங்களோடு வேலை செய்த, நாங்கள் அண்ணன் என்ற பொருளில் பாஜி என்று கூப்பிடும் சுர்ஜன் பாஜிதான் முன்னால் நின்றார். "பணக்காரக் கம்பெனிங்க பொறுப்புல வந்துட்டா நம்ம வேலைக்கும் ஒரு மரியாதை வரும்" என்றார். குருத்வாராவில் லங்கர் என்கிற பொதுச் சாப்பாட்டை முடித்து வெளியே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, நானும் பெல்ட்டில் என் பக்கத்தில் நிற்கும் சிந்தோவும் கையெழுத்து வாங்கினோம்.

சட்டம் வந்தது. கம்பெனிகள் சேர்ந்து ஒரு அமைப்பு வைத்தன. குறைந்த விலைக்கு யார் தரம் பிரித்துத் தருவார்கள் என்று அந்த அமைப்பு தேடியது. புதிய ஒப்பந்தக்காரன் வந்து எல்லோரையும் நீக்கினான். பாதிக் கூலிக்குச் சம்மதித்தவர்களைத் திரும்பச் சேர்த்தான். சுர்ஜன் பாஜி மேனேஜரானார்.

பத்து நாளைக்கு முன் ஒரு அட்டைப்பெட்டியை மடக்கும்போது, உள்ளே கிடந்த ஊசி சிந்தோவின் உள்ளங்கையில் ஏறியது. எவனோ போதைக்குப் போட்டுவிட்டு எறிந்தது. சுர்ஜன் பெல்ட்டை நிறுத்தாமல் அவளை டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மாத்திரை கொடுத்தார்கள். நோய் தொற்றவில்லை என்று உறுதியாகச் சொல்லச் சில மாதம் ஆகும் என்றார்கள். அன்றிலிருந்து அவள் தன் தட்டைத் தனியாக வைத்துக்கொண்டாள். மகளுக்குத் தலை பின்னிவிடுவதையும் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் சுர்ஜன் என்னிடம் இங்கிலீஷில் அடித்த ஒரு தாளை நீட்டினார். நான் பக்கத்தில் நின்றதற்குச் சாட்சி, சிந்தோவுக்கு உதவி கிடைக்கும் என்றார். என் புருஷன் இறந்தபோது பாடையைத் தூக்கிய நாலு பேரில் அவர் ஒருவர். கையெழுத்துப் போட்டேன்.

நேற்று சாயங்காலம் சிந்தோ என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. காயத்துக்கான உதவியை மறுத்து வந்த கடிதத்தையும், அதோடு இருந்த என் சாட்சியத்தையும் அவள் மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். விதியை மீறி அவளே கையுறையைக் கழற்றியதை நான் கண்ணால் பார்த்தேனாம்.

"நீயா ஸ்வர்ணி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். படிக்கத் தெரியாமல் போட்டேன் என்று நான் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள்.

இன்று காலை பெல்ட் ஓடத் தொடங்கியதும் நான் சுர்ஜனிடம் போனேன்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னே, பாஜி?"

"ஊசி குத்தினதெல்லாம் கணக்குல வந்தா அந்த அமைப்பு ஒப்பந்தத்தையே பிடுங்கிடும். ஒருத்திக்காக எல்லாருக்கும் வேலை போகணுமா?"

"டப்பா செஞ்சவன் பொறுப்பு ஏத்துக்கணும்னு நீதானே மைக் பிடிச்சுப் பேசினே?"

"டப்பாவுக்குத்தான் பொறுப்புன்னு சட்டத்துல இருக்கு. உங்க கைக்குன்னு எங்கயும் எழுதல. போய் நில்லு."

இரைச்சலில் எனக்குக் கேட்க அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

வியட்நாம்காரி லியென் முதலில் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தாள். ஆபத்தான வேலையை மறுக்க நமக்கு உரிமை இருக்கிறது, அதுவும் சட்டம்தான் என்று தனக்குத் தெரிந்த உடைந்த பஞ்சாபியில் சொன்னாள். ஒவ்வொருத்தியாகப் பின்னால் நகர்ந்தோம். கை படாத பெல்ட் குப்பையைச் சுமந்துபோய் முனையில் கொட்டியது. தாளும் டப்பாவும் சுர்ஜனின் முழங்கால்வரை குவிந்த பிறகு, அவரே ஓடிப்போய் அதை நிறுத்தினார். மத்தியானத்துக்குள் வேறு ஆட்களைக் கொண்டுவருவேன் என்று மிரட்டினார்.

நான் சாப்பாட்டு அறையிலிருந்து அரசாங்கத்தின் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் செய்தேன். நான் கையெழுத்துப் போட்டது பொய் வாக்குமூலம் என்று என் பெயரைச் சொன்னேன். லியென் அதை இங்கிலீஷில் திருப்பிச் சொன்னாள். எனக்கு என்ன தண்டனை வரும் என்று தெரியாது. ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

எங்களோடு பெல்ட்டை விட்டு வந்த சிந்தோ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. செய்தி பரவி, பக்கத்துக் கொட்டகையில் இரண்டாவது பெல்ட்டின் இரைச்சலும் அடங்கியது. அந்தப் பெண்கள் கையுறைகளைக் கழற்றியபடி ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். உட்கார இடம் போதவில்லை.

சிந்தோ கொஞ்சம் நகர்ந்து, என்னிடம், "நிக்காதே, உட்காரு" என்றாள்.